பழைய ஜப்பானிய ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேம்): எந்த விதியைக் கழற்றலாம், எதைக் கழற்றினால் கூரை இறங்கும்?

கேள்வி இதுதான்: "டிராகன் குவெஸ்ட் முதல் பாகத்தின் பழைய வடிவத்தை இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு வைத்துவிட்டேன். நாலடி நடந்தால் ஒரு சண்டை. செத்தால் பாதிக் காசு போய்விடுகிறது. எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. இதெல்லாம் காலாவதியான டிசைன்தானே? ரீமேக்கில் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதுதானே நியாயம்? ஒரிஜினலைத்தான் ஆட வேண்டும் என்பவர்கள் வெறும் பழம்பாசத்தில் பேசுகிறார்களா?"

நீங்கள் அதை வைத்துவிட்டதில் தப்பே இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் ஒரே வகை அல்ல. அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி 'காலாவதி' என்று சீட்டு ஒட்டுவதால்தான் இந்த விவாதம் வருஷக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒரு விதி எந்த வருஷத்தது என்பதை நான் பார்ப்பதில்லை. அந்த கேமுக்குள் அது என்ன வேலை பார்க்கிறது, அதன் மேல் வேறு எது சாய்ந்து நிற்கிறது என்று பார்ப்பேன். வேலையே இல்லாத விதியை யார் வேண்டுமானாலும் கழற்றலாம். வேலை இருக்கிற விதியைக் கழற்றினால், அந்த வேலையை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். ரீமேக்குகளில் நல்லதும் மோசமானதும் பிரிகிற இடம் அதுதான்.

முதலில் வேலையே இல்லாத விதிகள். டிராகன் குவெஸ்ட் 1986 மே மாதம் நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்கு வந்தது. மொத்த கேமும் 64 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிது. அதில் படிக்கட்டில் இறங்க வேண்டுமானால், படிக்கட்டின் மேல் போய் நின்று, மெனுவைத் திறந்து, 'படிக்கட்டு' என்ற கட்டளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவரிடம் பேச 'பேசு' என்றால் போதாது. வடக்கா, தெற்கா, கிழக்கா, மேற்கா, எந்தப் பக்கம் நிற்பவரிடம் என்றும் சொல்ல வேண்டும். காரணம், ஹீரோவின் படம் எப்போதும் நம்மைப் பார்த்தபடியேதான் நிற்கும். முதுகுப் படமும் பக்கவாட்டுப் படமும் வைக்க இடம் இல்லை. மேலே போனாலும் பக்கவாட்டில் போனாலும் முகம் நம் பக்கம்தான். ஜப்பானில் இதை நண்டு நடை என்றே சொல்வார்கள்.

இந்த விதிகளைக் காலாவதி ஆக்கியது இன்றைய தலைமுறை இல்லை. அந்த கேமை உருவாக்கிய யூஜி ஹோரியும் அவர் குழுவும்தான் முதலில் தூக்கி எறிந்தார்கள். எட்டே மாதத்தில், 1987 ஜனவரியில் இரண்டாம் பாகம் வந்தபோது படிக்கட்டுக் கட்டளை போய்விட்டது, ஹீரோ போகும் திசையைப் பார்த்து நடந்தார். அவர்களே எட்டு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள விரும்பாத ஒன்றை நாம் நாற்பது வருஷம் கழித்துப் புனிதம் என்று காக்க வேண்டியதில்லை.

பாஸ்வேர்டும் இதே கணக்குதான். ஜப்பானிய முதல் பாகத்தில் சேவ் கிடையாது. ராஜாவிடம் போனால் ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்துமுறையில் 20 எழுத்துகள் கொண்ட 'உயிர்த்தெழும் மந்திரம்' ஒன்றைச் சொல்வார். அதை நோட்டில் எழுதிவைத்து, மறுநாள் அப்படியே உள்ளிட வேண்டும். இரண்டாம் பாகத்தில் மூன்று பேர் கூட்டணி, அதனால் மந்திரம் 52 எழுத்து வரை நீண்டது. ஹிரகானாவில் 'நு'வுக்கும் 'மெ'வுக்கும் வித்தியாசம் வாலில் ஒரு சின்னச் சுழி மட்டும். பழைய டிவியின் மங்கல் திரையில் அதைத் தப்பாகப் பார்த்து எழுதிவிட்டால், மறுநாள் வருவது 'மந்திரம் தவறு' என்ற ஒரே வரி. ஒரு வார உழைப்பு அந்த ஒரு சுழியில் போய்விடும். 1988-இல் மூன்றாம் பாகம் பேட்டரி சேவுக்கு மாறியது. அதிலும் இடம் போதாமல் தலைப்புப் படத்தையே வெட்டிவிட்டு, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் போட்டார்கள். எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்றினார்கள் என்று பாருங்கள். உலகத்தையும் கதையையும் காப்பாற்றினார்கள், முகப்பை விட்டுக்கொடுத்தார்கள்.

அடுத்தது உங்கள் முதல் புகார்: நாலடிக்கு ஒரு சண்டை. இங்கே விஷயம் கொஞ்சம் சிக்கல்.

1987 டிசம்பரில் வந்த முதல் ஃபைனல் ஃபேண்டஸியில் சதுப்புக் குகை என்று ஓர் இடம் உண்டு. அதற்குள் ஒரு கிரீடம் இருக்கிறது, எடுத்து வர வேண்டும். எல்ஃப் ஊரில் விடுதியில் தூங்கி எழுந்து, கடையில் மருந்து வாங்கிக்கொண்டு கிளம்புவோம். மருந்து வாங்குவதே ஒரு வேலை. ஒன்று ஒன்றாகத்தான் வாங்க முடியும். தேர்ந்தெடு, சரி, நன்றி, மறுபடி தேர்ந்தெடு, சரி, நன்றி. ஐம்பது வேண்டுமென்றால் ஐம்பது தடவை. இது வேலையில்லா விதி, சந்தேகமே வேண்டாம்.

குகைக்குள் போனால் கதை மாறுகிறது. உள்ளே சேவ் கிடையாது. மந்திரத்துக்கு எம்பி (செலவழிக்க ஒரே பொதுவான மந்திரப் புள்ளி) கிடையாது, ஒவ்வொரு நிலை மந்திரத்தையும் இத்தனை தடவை என்று எண்ணிக் கொடுத்திருப்பார்கள், அதை நிரப்ப மறுபடி தூங்க வேண்டும். செத்தவனை எழுப்ப அந்தக் கட்டத்தில் மந்திரமும் கிடையாது, பொருளும் கிடையாது. ஊருக்குத் தூக்கிப் போய்க் காசு கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். வெளியே தாவி வரும் மந்திரமும் இன்னும் கையில் இல்லை. விஷம் ஏறியவனுக்கு ஒவ்வோர் அடிக்கும் உயிர் குறையும். நான் முதல் தடவை போனபோது கிரீடம் இருக்கிற அறைக் கதவு வரை போய்விட்டேன். தாக்கும் மந்திரக்காரன் பிளாக் மேஜ் படுத்துவிட்டான். குணப்படுத்தும் மந்திரக்காரன் வைட் மேஜிடம் குணப்படுத்தும் மந்திரம் ஒன்றுதான் பாக்கி. விஷமுறி மருந்து இரண்டு. பெட்டியைக் காக்கும் மந்திரவாதிகளோடு இப்போதே மோதுவதா, திரும்புவதா என்று கட்டுப்பாட்டுப் பலகையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். திரும்பினேன். திரும்பும் வழியிலும் அதே சண்டைகள். வாசல் வெளிச்சத்துக்கு வந்தபோது இரண்டு பேர்தான் உயிரோடு. கிரீடம் இல்லை. ஆனால் அந்த நடை இன்றும் எனக்கு அங்குலம் அங்குலமாக நினைவிருக்கிறது.

அங்கே ஒவ்வொரு குட்டிச் சண்டையும் ஒரு செலவு. தனியாகப் பார்த்தால் நாலு எலும்புக்கூட்டை அடிப்பதில் ஒரு சுவாரஸ்யமும் இல்லை. அந்தக் குகை முழுவதும் சேர்ந்துதான் ஒரே சண்டை. ரேண்டம் என்கவுண்டர் (நடக்கும்போது சொல்லாமல் வரும் சண்டை), சேவ் இல்லாமை, எண்ணிக் கொடுத்த மந்திரம், இந்த மூன்றும் ஒரே கூரையைத் தாங்கும் மூன்று தூண்கள். ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் வெறும் தொல்லையாகிவிடும்.

2021-இல் தொடங்கிய பிக்சல் ரீமாஸ்டர் வரிசை இந்த கேமை அழகாக வரைந்து, நொபுவோ உயமட்சுவின் இசையைப் புதிதாக ஏற்பாடு செய்து தந்தது. எண்ணிக் கொடுக்கும் மந்திர முறையைக்கூடத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2004-இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த வடிவம் அதை எம்பியாக மாற்றி கேமை வெகுவாக இளக்கியிருந்தது, அதனால் இது பெரிய விஷயம். ஆனால் கூடவே எங்கு வேண்டுமானாலும் சேவ், மாடி மாறினால் தானாகவே சேவ். 2023-இல் கன்சோல்களுக்கு வந்தபோது, ஒரு பொத்தானை அழுத்தினால் என்கவுண்டரே வராது என்ற வசதியும் சேர்ந்தது. இதில் பொத்தானைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அழுத்துவதும் விடுவதும் என் கையில். நேரமில்லாதவர், கதையை மட்டும் பார்க்க வருபவர், கை வலிக்காரர் எல்லோருக்கும் அது தேவை. என் வருத்தம் தானியங்கிச் சேவ் பற்றி. என்னைக் கேட்காமலே அது 'திரும்பலாமா' என்ற கேள்வியை அழித்துவிடுகிறது. தோற்றால் இந்த மாடியிலிருந்து மறுபடி என்றால், எதற்குத் திரும்ப வேண்டும்? குகை வெறும் நடைபாதை ஆகிவிடுகிறது.

அதே கேமில் இன்னொரு விதி உண்டு, இதில் நான் சிறுபான்மைக் கட்சி. ஒரு எதிரியை அடிக்கச் சொல்லி இருவருக்குக் கட்டளை கொடுக்கிறீர்கள். முதல் அடியிலேயே எதிரி செத்துவிட்டால், இரண்டாமவர் வெறும் காற்றை வெட்டுவார். 'பலனில்லை' என்று திரையில் வரும். பிந்தைய வடிவங்களில் அடி தானாகவே அடுத்த எதிரிக்குப் போகும். பெரும்பாலானோர் இதைத்தான் காலாவதிக்கு முதல் உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு என்னவோ அந்த விதியில் ஒரு கணக்கு இருக்கிறது என்று படுகிறது. இந்தப் பூதத்துக்கு ஒருவன் போதுமா, இருவர் வேண்டுமா என்று ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பிட வைக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கலாம், சாதாரணச் சண்டையில் யோசிக்க எதுவுமே மிஞ்சாது.

டிசைன் என்பதையும் பிழை என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்கும் இந்த கேமே சாட்சி. ஃபாமிகாம் வடிவத்தில் 'அறிவு' என்ற அளவு இருக்கும், ஆனால் அது மந்திரத்தின் பலத்தை ஒரு துளியும் மாற்றாது. எழுதிய நிரலில் தவறு. ஆயுதங்களின் கிரிட்டிக்கல் (வழக்கத்தைவிடப் பலத்த அடி) வாய்ப்பு, அதற்கென்று வைத்த எண்ணை விட்டுவிட்டு, பட்டியலில் அந்த ஆயுதம் எத்தனையாவது என்ற எண்ணை எடுத்துக்கொள்ளும். இதைத் திருத்தியதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம்.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். ரேண்டம் என்கவுண்டர் தன் வேலையை இழந்த பிறகும் பல வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது உண்மை. பிளேஸ்டேஷன் காலத்தில் மருந்து மலிவு, சேவ் இடங்கள் ஏராளம், சண்டை முடிந்ததும் எல்லோரையும் நிரப்பிக்கொள்ளலாம். செலவு என்ற அர்த்தமே போய்விட்டது. ஆனால் சண்டைக்குள் நுழைய மட்டும் திரை சுழன்று, டிஸ்க் ஓடி, கேமரா சுற்றிவந்து பல விநாடிகள் ஆகும். ஃபைனல் ஃபேண்டஸி 9 எனக்கு உயிர். அதிலேயே புதையல் பெட்டியை நோக்கி நடக்கும்போது இன்னொரு முறை திரை சுழன்றால் பல்லைக் கடித்திருக்கிறேன். அங்கே அந்த விதி குறுக்கீடு மட்டும்தான். ரீமேக்கில் தாராளமாக மாற்றட்டும்.

அந்தக் காலத்தில் வேறு வழி தெரியாது என்ற வாதமும் செல்லாது. 1994-இல் வந்த மதர் 2-இல் எதிரிகள் கண்ணுக்குத் தெரிவார்கள், நீங்கள் மிகவும் பலசாலியாகிவிட்டால் சண்டைத் திரையே வராமல் வெற்றி கிடைக்கும், பலவீனமானவை உங்களைக் கண்டு ஓடும். 1995-இன் குரோனோ டிரிகரில் எதிரிகள் நிற்கிற இடத்திலேயே சண்டை. பிரேவ்லி டிஃபால்டின் பிந்தைய வடிவம் என்கவுண்டர் அளவை பூஜ்யத்திலிருந்து இரட்டிப்பு வரை ஆடுபவர் கையிலேயே கொடுத்தது. பழைய விதி, புதிய விதி என்று காலக்கோடு போட்டுப் பிரிக்க முடியாது.

நான் இந்த விவாதத்தில் அதிகம் யோசித்தது பர்சோனா 3 பற்றித்தான். அதற்கு முன்னோடி ஒன்று உண்டு, அங்கிருந்து வருகிறேன்.

1990-இல் டிராகன் குவெஸ்ட் 4 வந்தது. அதன் ஐந்தாம் அத்தியாயத்தில் ஹீரோவைத் தவிர மற்றவர்களுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்க முடியாது. 'முழு மூச்சாகப் போவோம்', 'உயிரைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற மாதிரி ஒரு பொது உத்தியைச் சொல்லலாம், மிச்சம் அவரவர் முடிவு. கூட்டணியில் கிளிஃப்ட் என்று ஒரு பாதிரியார். அவரிடம் ஜராக்கி என்ற உடனடி மரண மந்திரம் உண்டு. பாஸ் எனப்படும் பெரும் எதிரிகளிடம் அது பலிக்காது. ஆனாலும் ஹீரோ சாகக் கிடக்கும்போது, குணப்படுத்த வேண்டிய அவர், பாஸைப் பார்த்து ஜராக்கி சொல்வார். அடுத்த சுற்றிலும் சொல்வார். அனுபவத்தில் கற்றுக்கொள்ளும்படி எழுதப்பட்டவர்தான், அதற்குள் நாம் செத்துவிடுவோம். ஜப்பானில் ஒரு தலைமுறைக்கே கிளிஃப்ட் என்றால் ஜராக்கிதான்.

1992-இல் ஐந்தாம் பாகம் வந்தபோது 'நான் சொல்வதைக் கேள்' என்ற உத்தி சேர்ந்துவிட்டது. 2001-இல் நான்காம் பாகத்தைப் பிளேஸ்டேஷனுக்கு மறுபடி செய்தபோது அங்கும் அதைச் சேர்த்தார்கள். ஆனால் ஐந்தாம் பாகத்தில் ஒரு நுணுக்கம் பாருங்கள். அதில் அரக்கர்களைத் தோழர்களாகச் சேர்க்கலாம். அறிவு 20-க்குக் கீழே இருக்கும் அரக்கன் கட்டளையைச் சரியாகக் கேட்க மாட்டான், தன் இஷ்டத்துக்கு எதையாவது செய்வான். வளர்த்து அறிவு ஏறிய பிறகுதான் கேட்பான். பழைய விதியை முழுக்கப் புதைக்காமல், அது பொருந்துகிற இடத்தில் நட்டுவிட்டார்கள். இதைவிடச் சிறந்த மாற்றத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

பர்சோனா 3 பிளேஸ்டேஷன் 2-க்கு 2006-இல் வந்தது. பள்ளி மாணவர்கள், நள்ளிரவில் மட்டும் தோன்றும் டார்டரஸ் என்ற கோபுரம், மாதம் ஒரு பௌர்ணமி, அன்று ஒரு பெரும் எதிரி. அதிலும் நாயகனை மட்டும்தான் நாம் ஆட்டுவிக்கலாம், தோழர்கள் உத்தியின்படி அவரவர் விருப்பத்துக்கு. மிட்சுரு என்ற மூத்த மாணவி பனி மந்திரத்தில் கெட்டிக்காரி, ஆனால் எதிரியை மயக்குவதற்கான மரின் கரின் என்ற மந்திரத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளைத் திட்டாமல் அந்த கேமை முடித்தவர் குறைவு.

அதோடு களைப்பு என்ற விதியும் உண்டு. கோபுரத்தில் அதிக நேரம் சண்டை போட்டால் நண்பர்கள் களைத்துவிடுவார்கள். களைத்தவரை இழுத்துக்கொண்டு மேலே ஏறினால் அடி அதிகம் விழும், மறுநாளும் தெளியாது, உடம்புக்கே முடியாமல் போகலாம். அதனால் இந்த மாதம் எந்தெந்த இரவு ஏறுவது, எந்த மாலையைப் படிப்புக்கும் நட்புக்கும் விடுவது என்று நாட்காட்டியைப் பார்த்துப் பிரித்துவைக்க வேண்டும். ஒரு இரவு, குணப்படுத்தும் தோழி யுகாரி களைத்துவிட்டாள். நாலு மாடி ஏறினால் அடுத்த தடுப்பு. மிச்சம் மூன்று பேரோடு, குணப்படுத்த ஆளில்லாமல் ஏறினேன். இன்னொரு தோழன் அகிஹிகோ தன் முடிவுக்கு எதையோ செய்தான், அது சரியாகவும் இருந்தது. அந்தச் சரியான முடிவுக்கு நான் காரணமில்லை என்பதால்தான் அவன் எனக்கு ஒரு ஆளாகத் தெரிந்தான். நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது.

2009-இன் கைக்கருவி வடிவமான பர்சோனா 3 போர்ட்டபிள் நேரடிக் கட்டளையைச் சேர்த்தது. 2024 பிப்ரவரியில் வந்த பர்சோனா 3 ரீலோட் அதையும் வைத்துக்கொண்டு, களைப்பையும் எடுத்துவிட்டது. இப்போது வேண்டுமானால் ஒரே இரவில் திறந்திருக்கும் மாடிகள் அத்தனையும் ஏறி முடித்துவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மாதத்தின் மற்ற இரவுகளில் கோபுரத்தின் நினைப்பே வருவதில்லை. சாவின் நிழலிலேயே நடக்கிற ஒரு கதையில், அந்தக் கோபுரம் தினமும் தலைக்கு மேல் நிற்க வேண்டிய பொருள். களைப்பு என்ற தொல்லை பிடித்த விதிதான் அதை அங்கே நிறுத்திவைத்திருந்தது. அதை எடுத்ததில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் தோழர்களின் விஷயத்தில் ரீலோட் செய்ததை மனமாரப் பாராட்டுகிறேன். நேரடிக் கட்டளை வந்துவிட்டதால் அவர்களின் குணம் சண்டையில் காணாமல் போகும் என்று உணர்ந்திருக்கிறார்கள். அதனால் தியர்ஜி என்று ஒரு பெருந்தாக்குதல். அதற்கான அளவு ஒவ்வொருவருக்கும் அவரவர் குணத்துக்கு ஏற்ற செயலால் வேகமாக ஏறும். யுகாரி மற்றவர்களைக் குணப்படுத்தினால் அவளுக்கு ஏறும். கட்டளை என் கையில்தான், ஆனால் அவள் யார் என்பதற்கு ஏற்றபடி நான் கட்டளையிட்டால்தான் லாபம். பழைய தூண் போனது, அதன் பாரத்தை வேறு தூண் ஏற்றது. ஒரே ரீமேக்கில் ஒரு விதியைச் சரியாக மாற்றியும், இன்னொன்றை அப்படியே பிடுங்கியும் இருக்கிறார்கள் என்பதால்தான் அது நல்ல ரீமேக்கா என்று யாராவது கேட்டால் என்னால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிவதில்லை.

என்னைக் கேட்டால், இந்தக் கலையைச் சமீபத்தில் மிகச் சரியாகச் செய்தது 2024 அக்டோபரில் வந்த ரொமான்சிங் சாகா 2: ரிவென்ஜ் ஆஃப் த செவன். மூலம் 1993-இன் சூப்பர் ஃபாமிகாம் கேம். சாகா வரிசை என்றாலே முரட்டு ஆசாமி. பேரரசர் செத்தால் அடுத்த தலைமுறைக்கு அவர் திறமைகள் போகும். சண்டையில் வாள் வீசிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் ஒரு பல்பு மின்னி, அந்தக் கணத்திலேயே புதிய உத்தி பிறக்கும். எத்தனை சண்டை போட்டீர்கள் என்பதைக் கணக்கில் வைத்து எதிரிகளும் வலுப்பார்கள், ஆகவே பயந்து பயந்து கிரைண்டிங் (வலுவேற்றிக்கொள்ள ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போடுவது) செய்தவர்தான் மாட்டிக்கொள்வார். இதில் எதையும் மூலம் நமக்குச் சொல்லாது. எந்த வீச்சிலிருந்து எந்த உத்தி பிறக்கும் என்பதும் தெரியாது.

ரீமேக் செய்தவர்கள் இந்த விதிகளின் எலும்பைத் தொடவில்லை. அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். புதிதாக ஏதோ பிறக்க வாய்ப்புள்ள உத்தியின் பக்கத்தில் பல்பு அடையாளம் தெரியும். அடுத்து யார் முறை என்று வரிசை தெரியும். கண்டுபிடித்த பலவீனம் திரையில் நிற்கும். பல்பு மின்னும் அந்தக் கணத்தின் சந்தோஷம் அப்படியே இருக்கிறது, இருட்டில் துழாவும் எரிச்சல் மட்டும் போய்விட்டது. அப்படியும் பழைய கடுமை வேண்டுமென்பவர்களுக்கு 'கிளாசிக்' என்று ஒரு கடினநிலை. 2022-இன் லிவ் அ லிவ் ரீமேக்கும் இதே வழியில்தான் போனது. கட்டம் போட்ட சண்டைக்களத்தை வைத்துக்கொண்டு, எதிரியின் தாக்குதல் எப்போது வரும் என்ற அளவை மட்டும் கண்ணுக்குக் காட்டியது. கடினமாக இருப்பது வேறு, மறைத்துவைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் பழைய கேம்களின் உண்மையான பலவீனம்.

மறைத்துவைப்பதில் எல்லை மீறிய ஒன்றையும் சொல்ல வேண்டும். 2006-இன் ஃபைனல் ஃபேண்டஸி 12-இல் ஜோடியாக் ஸ்பியர் என்ற ஈட்டி. உலகத்தில் குறிப்பிட்ட நாலு புதையல் பெட்டிகளைத் திறந்திருந்தால் அதை எடுக்கும் உறுதியான வழி போய்விடும். எந்தப் பெட்டி என்று கேமில் யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டியைப் பார்த்தால் திற என்று பதினைந்து வருஷம் பழக்கிவிட்டு அதற்கே தண்டனை. பிந்தைய வடிவத்தில் எடுத்துவிட்டார்கள். நல்லது.

ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீமேக்கைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அது இந்த விவாதத்தில் சேராது. 1997-இன் கேமில் முதல் சில மணி நேரம் வரும் மிட்கர் நகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 2020-இல் ஒரு முழு கேம். சண்டை வேறு, கதையே மூலத்தோடு வாதாடுகிறது. அது ஒரு புதிய படைப்பு, புதிய படைப்பாகத்தான் அதை எடைபோட வேண்டும். மூலமும் கடையில் பக்கத்திலேயே கிடைக்கிறது, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

பக்கத்திலேயே கிடைப்பது என்பதுதான் பழம்பாசம் என்று நீங்கள் சந்தேகிக்கும் ஆட்களின் உண்மையான கவலை. 2021-இல் பிக்சல் ரீமாஸ்டர் வருவதை ஒட்டி, ஃபைனல் ஃபேண்டஸி 5, 6 இரண்டின் முந்தைய மொபைல், ஸ்டீம் (கணினி கேம் கடை) வடிவங்களைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேம்பாய் அட்வான்ஸ் வடிவத்தில் சேர்ந்த கூடுதல் குகைகளும், ஐந்தாம் பாகத்தின் நாலு கூடுதல் தொழில்களும் ரீமாஸ்டரில் இல்லை. பர்சோனா 3 போர்ட்டபிளில் இருந்த பெண் நாயகி ரீலோடில் இல்லை. ஒவ்வொரு ரீமேக்கும் எதையாவது சேர்க்கும்போது எதையாவது கீழே போடுகிறது. மூலத்தையும் மறைத்துவிட்டால் அது நிரந்தர இழப்பு.

2025 செப்டம்பரில் வந்த ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்: தி இவாலிஸ் குரோனிகிள்ஸ் இதற்கு ஓரளவு நியாயமான வழியைக் காட்டியது. 1997 கேமின் மூல நிரல் பாதுகாக்கப்படவே இல்லை. பழைய வடிவங்களைப் பார்த்துப் பார்த்து மறுபடி எழுத வேண்டியிருந்தது. எழுதிவிட்டு, குரல் நடிப்பும் தானியங்கிச் சேவும் கொண்ட மேம்பட்ட வடிவம், பழைய ஆட்டத்தை ஒட்டிய கிளாசிக் வடிவம் என இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தார்கள். அந்த கேமில் ரியோவேன்ஸ் கோட்டையில் தொடர்ச்சியாகச் சண்டைகள் வரும். இடையில் சேவ் செய்யச் சொல்லும். செய்தால், பின்னால் போய் வலுப்படுத்திக்கொள்ள வழியில்லை. ஒரே சேவ் வைத்திருந்து, நாயகன் தனியாக வீக்ராஃப் என்ற எதிரியோடு மோதும் இடத்தில் மாட்டிக்கொண்டு, கேமையே முதலிலிருந்து தொடங்கியவர்கள் உலகம் முழுக்க உண்டு. நானும் ஒருவன். அந்தப் பொறியைக் காக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பொறி எப்படி இருந்தது என்று ஆடிப்பார்க்க ஒரு பிரதி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இனி உங்கள் மற்ற இரண்டு புகார்கள்.

செத்தால் பாதிக் காசு போவது. உண்மையில் அந்த கேமிலேயே கருணை மிகுந்த விதி அதுதான். டிராகன் குவெஸ்டில் தோற்றால் 'ஆட்டம் முடிந்தது' என்று வராது. ராஜாவின் முன் கண்விழிப்பீர்கள். சேர்த்த அனுபவப் புள்ளி, பொருள், லெவல் எல்லாம் கையில் இருக்கும். காசில் பாதிதான் போகும். ஃபைனல் ஃபேண்டஸியில் தோற்றால் கடைசி சேவுக்குப் பின் செய்த அத்தனையும் போகும். பாதிக் காசு போகும் என்ற பயம்தான் குகைக்குப் போகுமுன் காசை ஆயுதமாக மாற்றிக்கொள்ள வைக்கிறது. மூன்றாம் பாகத்தில் காசைப் போட்டுவைக்க ஒரு சேமிப்புக் கிடங்கே வந்தது. இந்த விதியை எந்த ரீமேக்கும் எடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

எங்கே போவதென்று யாரும் சொல்வதில்லை என்பது. சொல்கிறார்கள், ஆனால் அம்புக்குறியால் சொல்வதில்லை. ஊரில் ஒவ்வொருவரும் சொல்லும் ஒற்றை வரிதான் வழி. நிலமும் சொல்கிறது: பாலம் தாண்டினால் எதிரி வலுப்பான். ஒரு பாலத்தைத் தாண்டி இரண்டே அடியில் செத்தால், இது இப்போதைக்கு நமக்கான கரை இல்லை என்று அர்த்தம். 2024 நவம்பரில் வந்த மூன்றாம் பாகத்தின் எச்டி-2டி (பழைய பிக்சல் உருவங்களும் நவீன 3டி பின்னணியும் கலந்த பாணி) ரீமேக் வரைபடத்தில் அடுத்த இலக்குக்குக் குறி போடுகிறது. குறி இருந்தால் ஊரில் யாரிடமும் பேசத் தேவையில்லை, பேசத் தேவையில்லை என்றால் ஊர் எதற்கு? நல்லவேளை, அமைப்பில் போய் அதை அணைத்துவிடலாம்.

அதனால் உங்களுக்கு என் யோசனை: பழைய ஃபாமிகாம் வடிவத்துக்கு இப்போது திரும்ப வேண்டாம். 2025 அக்டோபரில் முதல் இரண்டு பாகங்களும் எச்டி-2டியில் வந்துவிட்டன. மூலத்தில் எப்போதும் ஒருவனுக்கு ஒரு எதிரிதான், இதில் பல எதிரிகள் ஒரே நேரத்தில் வருவார்கள், அதற்கு ஈடாக ஹீரோவுக்கும் நிறையத் திறமைகள் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் பாகத்தை முதலில் ஆடிவிட்டு அதற்கு வாருங்கள், கதை அந்த வரிசையில்தான் தொடர்கிறது. மூன்றாம் பாகத்தில் குறியை முதல் நாளே அணைத்துவிடுங்கள், இரண்டு ஊர் தாண்டியும் பிடிக்கவில்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு முதல் பாகத்தில் ராஜாவிடம் விடைபெற்று வெளியே வந்ததும் உடனே ஓடாதீர்கள். தண்ணீருக்கு அக்கரையில் ஒரு கோட்டை தெரியும். கடைசி எதிரி இருப்பது அங்கேதான். 1986-இல் அந்த 64 கிலோபைட்டுக்குள்ளேயே அதை அங்கே வைத்துவிட்டார்கள்.